ஓர் ஆப்ஜெக்டுக்கு எத்தனை பெயர்? நிரலில் மாறி உண்மையில் எதைக் குறிக்கிறது

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கிளை வைத்திருக்கும் ஒரு பலகாரக் கடைக்கு ஆர்டர் பதியும் நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கிளைக்கும் அன்றாடம் போகும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே நிரலாளர் காரைக்குடிப் பட்டியலை எழுதிவிட்டு அதையே தேவகோட்டைக்கும் கொடுக்கிறார். பிறகு தேவகோட்டைக்கு மட்டும் மாவுருண்டையைச் சேர்க்கிறார்.

    காரைக்குடி = ["தேன்குழல்", "அதிரசம்"]
    தேவகோட்டை = காரைக்குடி
    தேவகோட்டை += ["மாவுருண்டை"]

இப்போது காரைக்குடிப் பட்டியலைத் திரையில் காட்டச் சொன்னால் அதிலும் மாவுருண்டை நிற்கிறது. அந்தப் பட்டியலை மூன்றாவது வரியில் யாரும் தொடவே இல்லை. பிழைச் செய்தியும் எதுவும் வரவில்லை. கேட்காத சரக்கு கடை வாசலில் வந்து இறங்கும்போதுதான் விஷயம் வெளியே தெரியும்.

மேலே உள்ளது பைதான் மொழி. 2008-இல் வெளிவந்த பைதான் 3 முதல் மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம் என்பதால், இந்த வரிகளை அப்படியே தட்டச்சு செய்து ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் இந்தச் சிக்கல் பைதானுக்கு மட்டும் உரியதல்ல. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ரூபி, சி ஷார்ப் என்று பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கு, அதாவது ஆப்ஜெக்டுகளை அடிப்படையாக வைத்து நிரல் எழுதும் முறைக்கு, பயன்படும் பெரும்பாலான மொழிகளில் இதே குழப்பம் வேறு வேறு உருவில் வருகிறது. இதன் வேர் ஒன்றே: பெயரையும் அந்தப் பெயரால் அழைக்கப்படும் ஆப்ஜெக்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வது.

முதலில் சொற்கள்

1. ஆப்ஜெக்ட்: நினைவகத்தில் இடம்பிடித்து இருக்கும் ஒரு தரவுத் தொகுப்பு. தமிழ்ப் பாடநூல்களில் 'பொருள்' என்று வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அடையாளம், ஒரு வகை, ஓர் உள்ளடக்கம் உண்டு. அடையாளமும் வகையும் உருவாகும்போதே அமைந்துவிடுகின்றன. உள்ளடக்கம் சில வகைகளில் பிற்பாடு மாறலாம், சிலவற்றில் மாறவே முடியாது.

2. இனக்குழு: ஓர் ஆப்ஜெக்டுக்குள் என்னென்ன தரவு இருக்க வேண்டும், அது என்னென்ன செயல்களைச் செய்யும் என்று சொல்லும் வரையறை. ஒரே இனக்குழுவிலிருந்து எத்தனை ஆப்ஜெக்ட் வேண்டுமானாலும் உருவாக்கலாம்.

3. மாறி: நிரலின் ஏதோ ஒரு பகுதிக்குள் வழங்கும் பெயர். அந்த எல்லைக்கு வெளியே அதற்கு மதிப்பில்லை.

4. சுட்டு: அந்தப் பெயரிடம் உண்மையில் இருக்கும் சரக்கு. "நீ தேடும் ஆப்ஜெக்ட் இன்ன இடத்தில் இருக்கிறது" என்ற தகவல் மட்டுமே அது. ஆப்ஜெக்ட் பெயருக்குள் இல்லை.

5. பிணைத்தல்: ஒரு பெயரை ஓர் ஆப்ஜெக்டோடு கட்டிவிடுவது. மேலே உள்ள நிரலில் = குறி செய்யும் வேலை இதுதான்.

மாறி என்பது மதிப்பைப் போட்டு வைக்கும் டப்பா என்று சொல்லிக்கொடுப்பது பல வகுப்பறைகளில் வழக்கம். எண்களை வைத்துக் கணக்குப் போடும் வரை அந்த விளக்கம் ஓடும். பட்டியலும் ஆப்ஜெக்டும் வந்ததும் அது கைவிட்டுவிடும். அதை முதல் நாளிலேயே சொல்லாமல் விடுவது நல்லது என்பது என் கருத்து. பின்னால் அதை மறக்கடிப்பதற்கு ஆகும் நேரம், தொடக்கத்தில் மிச்சமான நேரத்தைவிட அதிகம்.

இரண்டு வேறு செயல்கள்

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பங்காளிகள் பலருக்குச் சொந்தமான ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு பங்காளி 'ஐயா வீடு' என்கிறார், இன்னொருவர் 'பெரிய வீடு' என்கிறார். இருப்பது ஒரே வீடு. ஊரில் இருப்பவர் 'ஐயா வீட்டின்' வளவில் பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கல் பதிக்கிறார். சென்னையிலிருந்து கல்யாணத்துக்கு வருபவர் 'பெரிய வீட்டுக்குள்' நுழைந்தால் புதுத் தரையைத்தான் மிதிப்பார். இது ஒரு வகை மாற்றம். அந்தச் சென்னைக்காரர் தாமே ஒரு வீடு கட்டி, இனி அதைத்தான் 'பெரிய வீடு' என்று சொல்லப்போகிறார் என்றால் அது வேறு வகை. பழைய வீட்டில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. பெயர் மட்டும் இடம் மாறியிருக்கிறது.

நிரலிலும் இந்த இரண்டைத் தவிர மூன்றாவது கிடையாது:

1. ஆப்ஜெக்டின் உள்ளடக்கத்தை மாற்றுவது. அதற்குக் கட்டியிருக்கும் எல்லாப் பெயர்களின் வழியாகவும் மாற்றம் தெரியும்.

2. பெயரை அவிழ்த்து வேறோர் ஆப்ஜெக்டில் கட்டுவது. அந்த ஒரு பெயரைத் தவிர வேறு எதுவும் பாதிக்கப்படாது.

இந்த இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருப்பதுதான் தொல்லை. பலகாரக் கடை நிரலின் மூன்றாவது வரியை இப்படி எழுதியிருந்தால் காரைக்குடிப் பட்டியலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது:

    தேவகோட்டை = தேவகோட்டை + ["மாவுருண்டை"]

கூட்டல் குறி இரண்டு பட்டியல்களையும் சேர்த்துப் புதிதாக ஒரு பட்டியலை உருவாக்குகிறது. தேவகோட்டை என்ற பெயர் பழையதிலிருந்து அவிழ்ந்து அந்தப் புதியதில் கட்டப்படுகிறது. முன்பு எழுதிய += குறியோ, முடிந்தால் இருக்கும் பட்டியலையே நீட்டப் பார்க்கிறது. பள்ளிக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். பட்டியலில் ஒன்றல்ல.

"முடிந்தால்" என்று சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எண், எழுத்துச் சரம் போன்றவை பைதானில் மாற்ற முடியாத ஆப்ஜெக்டுகள். 5 என்பதை 6 ஆக்க முடியாது, 6-ஐத் தேடிப் போகத்தான் முடியும். ஆகவே எண்ணின் மேல் += போட்டால் அது பெயரை மாற்றிக் கட்டும் வேலையாகிவிடுகிறது. எண்களை மட்டும் வைத்துப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் மாதக்கணக்கில் கண்ணில் படாமல் போவதற்கு இதுவே காரணம்.

+= என்பது ஆப்ஜெக்டை மாற்றுவது, பிறகு பெயரைக் கட்டுவது என்று இரண்டு படிகளில் நடக்கிறது என்பதை நேரில் பார்க்க ஒரு வழி உண்டு. வளைவு அடைப்புக்குறிக்குள் எழுதும் டியூப்பிள் என்ற தொகுப்பு பைதானில் மாறாதது. அதற்குள் மாறக்கூடிய ஒரு பட்டியலை வைத்துப் பாருங்கள்:

    கட்டு = (["சீடை"], 10)
    கட்டு[0] += ["கைமுறுக்கு"]

பைதான் இடங்களை 0 முதல் எண்ணும், ஆகவே கட்டு[0] என்றால் முதல் இடம். இரண்டாவது வரி பிழைச் செய்தியோடு நின்றுவிடும். ஆனால் கட்டு என்பதை எடுத்துப் பார்த்தால் கைமுறுக்கு உள்ளே ஏறியிருக்கும். பட்டியலை நீட்டும் முதல் படி நடந்துவிட்டது, அதைத் திரும்ப டியூப்பிளில் கட்டும் இரண்டாம் படிதான் மறுக்கப்பட்டது.

குறி ஒன்று, வேலை இரண்டு

1960-களில் ஆஸ்லோவில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் தால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில்தான் இனக்குழு, ஆப்ஜெக்ட் என்ற கருத்துகள் முதலில் உருப்பெற்றன. அந்த மொழியில் மதிப்பை இடுவதற்கு := என்று ஒரு குறியும், சுட்டைக் கட்டுவதற்கு :- என்று வேறொரு குறியும் இருந்தன. ஒப்பிடுவதிலும் அப்படியே. மதிப்பு சமமா என்று கேட்க ஒரு குறி, இரண்டு சுட்டும் ஒரே ஆப்ஜெக்டைக் காட்டுகின்றனவா என்று கேட்க இன்னொரு குறி. படிப்பவர் கண்ணுக்கே வேறுபாடு தெரிந்தது. பின்னால் வந்த மொழிகள் எழுத்துச் சிக்கனம் கருதி இரண்டையும் = என்ற ஒரே குறிக்குள் அடக்கிவிட்டன. தட்டச்சு செய்பவருக்கு அது லாபம், படிப்பவருக்கு நஷ்டம்.

அந்த = குறிக்கு எல்லா மொழியிலும் ஒரே பொருள் இருந்தாலாவது பழகிக்கொள்ளலாம். அதுவும் இல்லை.

1. சி++ மொழியில் ஆப்ஜெக்டை = கொண்டு இன்னொரு மாறிக்குக் கொடுத்தால் இயல்பாக முழு நகல் எடுக்கப்படும். அங்கே மாறி என்பது உண்மையிலேயே ஆப்ஜெக்ட் இருக்கும் இடம். பகிர்ந்துகொள்ள வேண்டுமென்றால் அதற்கெனத் தனியாக எழுத வேண்டும்.

2. பைதான், ரூபி மொழிகளில் நகல் என்ற பேச்சே இல்லை. எல்லாம் பெயர் கட்டுவதுதான்.

3. ஜாவா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எண், எழுத்து, உண்மை-பொய் முதலிய எட்டு அடிப்படை வகைகளில் மதிப்பு நகலாகும். மற்ற எல்லாவற்றிலும் சுட்டு மட்டுமே நகலாகும்.

4. சி ஷார்ப், ஸ்விஃப்ட் மொழிகளில் வகையை வரையறுப்பவரே இதை முடிவு செய்கிறார். 'ஸ்ட்ரக்ட்' என்று எழுதினால் நகல், 'கிளாஸ்' என்று எழுதினால் பகிர்வு.

5. பிஎச்பி நடுவில் கட்சி மாறியது. நான்காம் பதிப்பு வரை ஆப்ஜெக்டுக்கும் நகல்தான். 2004-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பகிர்வு ஆகிவிட்டது. பழைய நிரல் ஒன்று எழுத்து மாறாமலே வேறு விதமாக நடந்துகொள்ள இடம் ஏற்பட்டது.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் கணினி அறிவியலில் சி++ வருகிறது, பிளஸ் டூவில் பைதான் வருகிறது. முந்தைய ஆண்டு நகல் எடுத்த அதே குறி, அடுத்த ஆண்டு பெயரை மட்டும் கட்டுகிறது. புதுவயலிலிருந்தோ கண்டனூரிலிருந்தோ காரைக்குடிக் கல்லூரிக்கு வந்து சேரும் முதலாண்டு மாணவர் இதில் தடுமாறினால் அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஆத்தங்குடித் தரையில் ஒரு பூ

பெயர் என்றால் மாறியின் பெயர் மட்டும்தான் என்று நினைத்தால் அடுத்த பள்ளத்தில் விழ வேண்டியிருக்கும். பட்டியலின் ஒவ்வோர் இடமும், ஆப்ஜெக்டின் ஒவ்வொரு பண்பும் (அதாவது ஆப்ஜெக்டுக்குள் பெயரிட்டு வைத்த ஒவ்வொரு தரவும்) பெயரைப் போலவே நடந்துகொள்பவை. அவற்றுக்குள்ளும் இருப்பது சுட்டுதான்.

ஆத்தங்குடிக் கல் பதிக்கும் ஒரு தரைக்கு வடிவம் திட்டமிடும் நிரல் என்று கொள்வோம். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று கல். வெற்றுக் கல்லுக்கு 0, பூப்போட்ட கல்லுக்கு 1. முதலில் எல்லாம் வெற்றுக் கல். பிறகு இடப்பக்க மேல் மூலையில் மட்டும் ஒரு பூ.

    தரை = [[0] * 3] * 3
    தரை[0][0] = 1

கிடைப்பது இது:

    [[1, 0, 0], [1, 0, 0], [1, 0, 0]]

ஒரு மூலையில் வைத்த பூ மூன்று வரிசையிலும் பூத்துவிட்டது. முதல் வரியில் இருக்கும் இரண்டாவது * 3 மூன்று வரிசைகளை உருவாக்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒரே வரிசைக்கு மூன்று சுட்டுகளை எழுதியது, அவ்வளவே. தரை என்ற பட்டியலின் மூன்று இடங்களும் ஒரே ஆப்ஜெக்டைக் காட்டுகின்றன.

கூர்ந்து பார்ப்பவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். உள்ளே இருக்கும் [0] * 3 என்பதும் அதே வேலையைத்தானே செய்கிறது? அந்த மூன்று சுழியமும் ஒரே ஆப்ஜெக்ட்தானே? ஆம், ஒரே ஆப்ஜெக்ட்தான். ஆனால் தரை[0][0] = 1 என்று எழுதும்போது சுழியத்தை யாரும் 1 ஆக மாற்றவில்லை. அந்த இடத்தில் இருந்த சுட்டு சுழியத்தை விட்டு 1 என்ற ஆப்ஜெக்டுக்குத் திரும்பியது. பக்கத்து இடங்கள் இன்னும் சுழியத்தையே காட்டுகின்றன. உள்ளே நடந்தது பெயரை மாற்றிக் கட்டுவது. வெளியிலிருந்து பார்த்தால் அதே செயல் வரிசை என்ற ஆப்ஜெக்டின் உள்ளடக்கத்தை மாற்றுவது. ஒரே வரியில் இரண்டும் நடக்கின்றன. எந்த மட்டத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒன்று தெரிகிறது, மற்றது மறைகிறது. இந்த ஒரு உதாரணம் பிடிபட்டுவிட்டால் கட்டுரையின் மீதியை வேகமாகத் தாண்டிவிடலாம்.

சரியான தரை வேண்டுமானால் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாக உருவாக்க வேண்டும்:

    தரை = [[0] * 3, [0] * 3, [0] * 3]

வரிசைகள் நிறைய இருந்தால் இதைச் சுற்று வைத்து எழுதலாம். ஒவ்வொரு சுற்றிலும் [0] * 3 புதிதாகக் கணக்கிடப்படுகிறதா என்பது மட்டுமே முக்கியம்.

நகல் எத்தனை ஆழம்?

பட்டியலுக்கு நகல் எடுக்கப் பைதானில் சுருக்கமான வழி இது:

    தேவகோட்டை = காரைக்குடி[:]

பலகாரக் கடை நிரலில் இரண்டாவது வரி இப்படி இருந்தாலே போதும். உள்ளே இருப்பவை எழுத்துச் சரங்கள், அவை மாறாதவை. ஆனால் தரை[:] என்று எடுத்தால் வெளிப் பட்டியல் மட்டும்தான் புதிது. வரிசைகள் பழையவையே, புதுத் தரையில் பூ வைத்தால் பழைய தரையிலும் பூக்கும். இது மேலோட்ட நகல். உள்ளே உள்ளவற்றையும், அவற்றுக்குள் உள்ளவற்றையும் தோண்டித் தோண்டி எடுப்பது ஆழ்நகல். அதற்குப் பைதானில் 'காப்பி' என்ற தொகுப்பில் தனிச் செயற்கூறு, அதாவது பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் துண்டு, இருக்கிறது.

எப்போதும் ஆழ்நகலே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். பில் என்ற ஆப்ஜெக்ட் வாடிக்கையாளரைச் சுட்டும். வாடிக்கையாளர் கிளையைச் சுட்டுவார். கிளை தன்னிடம் உள்ள எல்லா பில்லையும் சுட்டும். ஒரு பில்லுக்கு ஆழ்நகல் கேட்டால் கடையே இரட்டிப்பாகிவிடும். எது பகிரப்பட வேண்டும், எது தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதை நிரலாளர்தான் யோசித்துச் சொல்ல வேண்டும். மொழி அதை ஊகிக்காது.

அதே ஒன்றா, அதைப் போன்ற ஒன்றா?

இரண்டு பெயர்கள் ஒரே ஆப்ஜெக்டைக் காட்டுகின்றனவா என்பது ஒரு கேள்வி. இரண்டு ஆப்ஜெக்டுகளின் உள்ளடக்கம் சமமா என்பது வேறு கேள்வி. பைதான் முதல் கேள்விக்கு 'இஸ்' என்ற சொல்லையும், இரண்டாவதற்கு == குறியையும் வைத்திருக்கிறது. ஜாவாவில் ஆப்ஜெக்டுகளுக்கு இடையே == போட்டால் அது முதல் கேள்வி. உள்ளடக்கத்தை ஒப்பிட 'ஈக்வல்ஸ்' என்ற செயற்கூற்றை அழைக்க வேண்டும்.

ஜாவாக்காரர்களை நன்றாக ஏமாற்றும் இடம் 127-க்கும் 128-க்கும் இடையில் இருக்கிறது. 'இன்டிஜர்' என்ற ஆப்ஜெக்ட் வகையில் இரண்டு மாறிகளுக்கும் 127 என்று நேரடியாகக் கொடுத்து == போட்டால் உண்மை என்று வரும். இரண்டுக்கும் 128 கொடுத்தால் இயல்பான அமைப்பில் பொய் என்று வரும். -128 முதல் 127 வரையிலான எண்களுக்கு ஜாவா ஆயத்தமாக ஆப்ஜெக்டுகளை வைத்துக்கொண்டு அவற்றையே திரும்பத் திரும்பக் கொடுக்கிறது. அதற்கு மேல் போனால் புதிதாக உருவாக்குகிறது. சோதனையில் சிறிய எண்களை மட்டும் போட்டுப் பார்த்த நிரல், உண்மையான கடையில் நூற்றுமுப்பது அதிரசம் கேட்ட அன்று தவறும்.

செயற்கூற்றுக்குள் போகும்போது

செயற்கூறு ஒன்றுக்கு ஓர் ஆப்ஜெக்டை அனுப்பினால், அதை உள்ளே வாங்கிக்கொள்ளும் மாறியான அளபுருவும் அதே ஆப்ஜெக்டுக்கு இன்னொரு பெயராகிறது. 1970-களில் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் பார்பரா லிஸ்கோவ் குழு உருவாக்கிய குளூ என்ற மொழியில் இதைப் 'பகிர்வு அழைப்பு' என்றார்கள். ஜாவா நூல்கள் 'மதிப்பு அழைப்பு' என்று எழுதுவதும் தவறில்லை, அனுப்பப்படும் மதிப்பே ஒரு சுட்டுதான். பெயர் எதுவானாலும் விளைவு ஒன்றே: உள்ளே பட்டியலில் எதையாவது சேர்த்தால் வெளியே தெரியும். உள்ளே அளபுருவை வேறொன்றில் கட்டினால் வெளியே தெரியாது.

இதிலிருந்து கிளைக்கும் மூன்று பொறிகள்:

1. பைதானில் அளபுருவுக்கு முன்னிருப்பு மதிப்பாக (அழைப்பவர் எதுவும் அனுப்பாதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்பாக) வெற்றுப் பட்டியலைக் கொடுத்தால், அது செயற்கூறு வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகிறது. பில் போடும் செயற்கூற்றில் இப்படி இருந்தால் முதல் வாடிக்கையாளரின் சீப்புச் சீடை இரண்டாம் வாடிக்கையாளரின் பில்லில் வந்து நிற்கும். முன்னிருப்பாக, எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் 'நன்' கொடுத்துவிட்டுப் பட்டியலைச் செயற்கூற்றின் உள்ளே உருவாக்குவதே வழக்கமான தீர்வு.

2. 'கிளை' என்று ஓர் இனக்குழு எழுதி, அதன் உடலிலேயே ஆர்டர் = [] என்று போட்டால், அந்தப் பட்டியல் இனக்குழுவுக்குச் சொந்தமாகிவிடுகிறது. எல்லாக் கிளை ஆப்ஜெக்டுகளும் அதையே பார்க்கும். ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பட்டியல் வேண்டுமென்றால் ஆப்ஜெக்டை உருவாக்கும் செயற்கூற்றுக்குள் அந்த ஆப்ஜெக்டின் பண்பாக எழுத வேண்டும். பொருள்நோக்கு நிரலாக்கம் படிப்பவர்கள் முதல் மாதத்தில் சந்திக்கும் பிழைகளில் இதற்குத் தனி இடம் உண்டு.

3. தரவை மறைத்து வைத்துவிட்டோம், வெளியார் தொட முடியாது என்று நினைத்துக்கொண்டு, உள்ளே உள்ள பட்டியலையே ஒரு செயற்கூறு மூலம் திருப்பிக் கொடுப்பது. வாங்கியவர் கையில் இருப்பது அதே பட்டியல். பூட்டிய கதவு வீண். நகலைக் கொடுக்க வேண்டும், அல்லது மாற்ற முடியாத வடிவில் கொடுக்க வேண்டும்.

ஜாவாவின் 'ஃபைனல்', ஜாவாஸ்கிரிப்டின் 'கான்ஸ்ட்' ஆகியவையும் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. அவை பெயரை மட்டும் பூட்டுகின்றன. கான்ஸ்ட் போட்ட பட்டியலில் தாராளமாகச் சரக்கைச் சேர்க்கலாம், நீக்கலாம். அந்தப் பெயரை வேறு பட்டியலுக்குக் கொடுக்கத்தான் முடியாது.

பெயர் எல்லாம் போன பிறகு

எந்தப் பெயரும், எந்தச் சுட்டும் எட்டாத ஆப்ஜெக்டால் பயனில்லை. அதை நிரல் மறுபடி கண்டுபிடிக்க வழியே கிடையாது. அதன் இடத்தை மீட்டெடுப்பது குப்பை சேகரிப்பு எனப்படும். ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக 1960-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இந்த உத்தி இருக்கிறது. பரவலாகப் பயன்படும் பைதான், ஒவ்வோர் ஆப்ஜெக்டையும் எத்தனை சுட்டுகள் காட்டுகின்றன என்று எண்ணிக்கொண்டே வருகிறது. எண்ணிக்கை சுழியமானதும் ஆப்ஜெக்ட் நீங்குகிறது. 'டெல்' என்ற கட்டளை நீக்குவது பெயரை மட்டுமே, ஆப்ஜெக்ட் போவதும் இருப்பதும் மிச்சம் எத்தனை சுட்டு என்பதைப் பொறுத்தது. கிளை முதலாளியையும் முதலாளி கிளையையும் சுட்டிக்கொண்டிருந்தால் எண்ணிக்கை ஒருபோதும் சுழியமாகாது. அப்படிப்பட்ட வளையங்களைத் தேடிப் பிடிக்க 2000-இல் வந்த பைதான் 2.0 முதல் தனி ஏற்பாடு இருக்கிறது.

ஆப்ஜெக்டுக்குத் தன் பெயர் தெரியுமா?

"இந்த ஆப்ஜெக்ட் எந்த மாறியில் இருக்கிறது என்று அதனிடமே கேட்க முடியாதா?" என்பது புதிதாகக் கற்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. முடியாது. காரணங்கள் மேலே சொன்னவற்றிலிருந்தே வருகின்றன:

1. பெயர் பல இருக்கலாம். காரைக்குடி, தேவகோட்டை என்ற இரண்டும் ஒரே பட்டியலைக் காட்டும்போது எதைச் சொல்வது?

2. பெயரே இல்லாமலும் இருக்கலாம். தரையின் இரண்டாவது வரிசைக்கு எந்த மாறியும் கிடையாது, இடம் மட்டும்தான் உண்டு.

3. பெயர் இடத்துக்கு இடம் வேறுபடும். செயற்கூற்றுக்கு வெளியே 'காரைக்குடி', உள்ளே போனால் 'பட்டியல்'.

4. சுட்டு ஒருவழிப் பாதை. பெயரிலிருந்து ஆப்ஜெக்டுக்குப் போகலாம், ஆப்ஜெக்டிலிருந்து பெயருக்குத் திரும்பும் வழி எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை.

பைதானில் செயற்கூறுகளும் இனக்குழுக்களும் தங்களுக்கென ஒரு பெயரை உள்ளே வைத்திருக்கின்றன என்பது உண்மை. அது வரையறுத்தபோது எழுதப்பட்டது. அந்தச் செயற்கூற்றை வேறு மாறியில் கட்டி அழைத்தாலும் பிழைச் செய்தியில் பழைய பெயர்தான் வரும்.

ஆப்ஜெக்டுக்கு உண்மையிலேயே ஓர் அடையாளப் பெயர் தேவையென்றால் அதை ஒரு பண்பாக உள்ளே எழுத வேண்டும். கிளை ஆப்ஜெக்டுக்குள் ஊர் என்று ஒரு பண்பு, அதில் "தேவகோட்டை" என்ற சரம். பெயரை வைத்து ஆப்ஜெக்டைத் தேட வேண்டுமென்றால் அகராதி என்ற தரவமைப்பைப் பயன்படுத்த வேண்டும்:

    கிளைகள் = {"காரைக்குடி": ["தேன்குழல்"], "தேவகோட்டை": ["மாவுருண்டை"]}

வாடிக்கையாளர்1, வாடிக்கையாளர்2 என்று மாறிகளை அடுக்கிக்கொண்டே போவதும், நிரல் ஓடும்போதே மாறிப் பெயர்களை உருவாக்கப் பார்ப்பதும் தேவையில்லாத வேலை. மாறியின் பெயர் நிரலைப் படிப்பவருக்கானது. வாடிக்கையாளரின் பெயர் தரவு. இரண்டும் கலக்கக்கூடாது.

அகராதியில் தேடப் பயன்படும் திறவுகோலாக எதை வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும், செட்டிநாட்டில் சற்றுக் கூடுதலாகவே. நகரத்தார் குடும்பங்களில் தலைமகனுக்கு ஐயாவின் பெயரை, அதாவது அப்பாவைப் பெற்றவரின் பெயரை, வைப்பது வழக்கம். ஆகவே ஒரு குடும்பத்துக்குள்ளேயே ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் முன்னெழுத்துகளைக் கோத்த விலாசம் வைத்துக்கொள்கிறார்கள். அதையும் உடன்பிறந்தவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். பெயரை மட்டும் திறவுகோலாக வைத்தால், பேரன் பெயரைப் பதிந்த அந்த நொடியில் ஐயாவின் கணக்கு அகராதியிலிருந்து சத்தமில்லாமல் மறைந்துவிடும். வாடிக்கையாளருக்கு ஒரு தனி எண் கொடுத்து, பெயரையும் விலாசத்தையும் பண்புகளாக உள்ளே வைப்பதே சரி.

எதையும் காட்டாத பெயர்

கடைசியாக ஒரு நிலை இருக்கிறது. பெயர் உண்டு, ஆனால் அது எந்த ஆப்ஜெக்டிலும் கட்டப்படவில்லை. ஜாவாவில் இது 'நல்'. பைதானின் 'நன்' இதே வேலைக்குப் பயன்பட்டாலும் அதுவே ஓர் ஆப்ஜெக்ட். கணினி அறிவியலர் டோனி ஹோர் 1965-இல் அல்கால் டபிள்யூ மொழிக்காக நல் சுட்டைச் சேர்த்தார். 2009-இல் ஓர் உரையில் அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்று அவரே வர்ணித்தார். ஜாவாவில் நல் காட்டும் பெயரின் வழியாக எதையாவது செய்யப் போனால் 'நல் பாயின்டர் எக்ஸெப்ஷன்' என்று நிரல் விழும். ஒரே வரியில் நான்கு சுட்டுகள் சங்கிலியாக இருந்தால் அவற்றில் எது நல் என்று பல ஆண்டுகளாக அது சொன்னதில்லை.

2020-இல் வந்த ஜாவா 14-இல் இதற்கு வசதி சேர்க்கப்பட்டது. ஜாவா 15-இலிருந்து அது இயல்பாகவே இயங்குகிறது. எந்தப் பண்பு, எந்த மாறி நல்லாக இருந்தது என்று பிழைச் செய்தியே இப்போது சொல்கிறது. ஆனாலும் சில நிரல்களில் மாறியின் பெயர் வர வேண்டிய இடத்தில் 'லோக்கல்4' என்று மட்டும் வந்து நிற்கும். பண்புகளின் பெயர்கள் கம்பைல் செய்த, அதாவது ஓட்டுவதற்கான வடிவுக்கு மாற்றிய, கோப்பில் தங்கிவிடுகின்றன. செயற்கூற்றுக்குள் வைத்த மாறிகளின் பெயர்கள் நிரல் ஓடுவதற்குத் தேவையில்லை என்பதால் தங்குவதில்லை. அவை வேண்டுமென்றால் பிழைதிருத்தத் தகவலோடு கம்பைல் செய்யும்படி அமைப்பை மாற்ற வேண்டும். கோப்பு சிறிது பெரிதாகும், ஆனால் செய்தியில் 'லோக்கல்4' இருந்த இடத்தில் நீங்கள் வைத்த பெயர் வரும்.